மைனஸ் 40-ல் கண் திறக்குமா கேமரா?

ஜனவரி மாத இரவு ஒன்றில், கனடாவின் வின்னிபெக் நகரில் ஒரு தெருவுக்கு மின்சாரம் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் திரும்பி வருகிறது. விளக்கு எரிகிறது, ஃபர்னஸ் ஓடத் தொடங்குகிறது, இணையமும் வந்துவிடுகிறது. வாசலுக்கு மேலே இருக்கும் டோம் கேமரா மட்டும் வரவில்லை. அதன் பெட்டியில் ‘மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இயங்கும்’ என்று அச்சிட்டிருக்கிறது. வெளியே மைனஸ் 27 தான். கேமரா பழுதாகவில்லை, மறுநாள் வெயில் ஏறியதும் தானாகவே உயிர் பெற்றுவிடும். ஆனால் தெருவே இருண்டு கிடந்த அந்த நேரத்துக்குப் பதிவு கிடையாது.

கடுங்குளிர் ஊர்களில் வெளிப்புறக் கேமரா வாங்குகிறவர்கள் பலர் ஏமாறுவது இங்கேதான். ஓடிக்கொண்டிருக்கும் கேமரா தன்னைத் தானே சூடாக வைத்துக்கொள்கிறது. அது எடுத்துக்கொள்ளும் ஐந்தாறு வாட் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பம் கூட்டுக்குள் தங்குவதால், உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டு வெளிக்காற்றைவிடப் பல டிகிரி கதகதப்பாக இருக்கும். மின்சாரம் நின்றுபோனால் கொஞ்ச நேரத்தில் எல்லாப் பாகங்களும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கே இறங்கிவிடும். அங்கிருந்து மறுபடி கிளம்புவதுதான் கடினம். மின்தேக்கிகளுக்குள் இருக்கும் திரவம் குளிரில் தடித்து, அவற்றின் கொள்திறன் குறைகிறது, உள்தடை ஏறுகிறது. துவங்கும் நொடியில் வேண்டிய மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாமல் அவை திணறுகின்றன. கேமரா பாதி துவங்கும், நிற்கும், மறுபடி துவங்கும், மறுபடி நிற்கும். பகல், இரவுக்கு ஏற்ப லென்ஸுக்குப் பின்னால் நகரும் சிறிய அகச்சிவப்பு வடிகட்டி ஒட்டிக்கொள்வதும் உண்டு. பகலில் படம் முழுக்க இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். படமெடுக்கும் உணரிக்கோ குளிர் பகையே இல்லை. வெப்பத்தால் படத்தில் விழும் புள்ளிகள் குளிரில் குறைவதால், அது இன்னும் துப்புரவாகவே வேலை செய்கிறது.

ஆகவே விவரத்தாளில் இரண்டு எண்களைத் தேட வேண்டும். இயங்கும் வெப்பநிலை ஒன்று. குளிர்ந்து கிடக்கும் நிலையிலிருந்து துவங்கும் வெப்பநிலை மற்றொன்று. முதலாவது எல்லாத் தாளிலும் இருக்கும். இரண்டாவதை அச்சிடும் நிறுவனங்கள் குறைவு. அச்சிட்டிருந்தால் அந்தக் கேமராவைச் செய்தவர்கள் குளிரை உண்மையாகவே யோசித்திருக்கிறார்கள் என்று நம்பலாம். ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் தன் வெளிப்புற மாடல்கள் சிலவற்றில் ‘ஆர்க்டிக் டெம்பரேச்சர் கன்ட்ரோல்’ என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் கேமரா உடனே துவங்காது. முதலில் உள்ளே சூடேற்றிக்கொள்ளும். போதிய சூடு வந்த பிறகே மற்ற வேலைகள் தொடங்கும். மைனஸ் 40-லும் இப்படி எழுந்து நிற்க முடிகிறது. இந்த வசதி இல்லாத கேமராவை வாங்கினால், அதற்கு மின்சாரம் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்சை ஒரு யுபிஎஸ்ஸில் மாட்டிவிடுவது நல்லது. மின்வெட்டே தெரியாத கேமராவுக்கு மறுபடி துவங்கும் தொல்லை இல்லை.

எந்த அளவு குளிருக்கு வாங்குவது? கனடாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை யூகான் பகுதியின் ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரி 3 அன்று பதிவான மைனஸ் 63. வின்னிபெக்கின் சாதனை 1879 டிசம்பர் 24-ல் மைனஸ் 47.8. இவற்றை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. நம் ஊரில் ஆண்டுதோறும் வரும் மிகக் குளிரான இரவு எது என்று பார்த்து, அதற்கும் கீழே ஒரு 10 டிகிரி இடைவெளி வைத்துக்கொண்டால் போதும். யெல்லோநைஃபில் ஜனவரியின் சாதாரண இரவே மைனஸ் 30-ஐ ஒட்டி இருக்கும். அங்கே மைனஸ் 50 என்று அச்சிட்ட கேமராவைத் தேடுவது ஆடம்பரம் அல்ல. டொராண்டோவில் மைனஸ் 20-க்குக் கீழே போகும் இரவுகள் அரிது. கனடாவில் தமிழர்கள் மிகுதியாக வாழ்வது டொராண்டோவைச் சுற்றித்தான். அங்கே பல ஆண்டு உழைத்த அதே மாடலை, எட்மன்டனுக்கோ வின்னிபெக்கிற்கோ குடிபெயரும் உறவினருக்குப் பரிந்துரைப்பதற்கு முன் ஒரு முறை விவரத்தாளைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்கத் தாள்களில் ஃபாரன்ஹீட் இருக்கும். மைனஸ் 4 என்றால் நம் கணக்கில் மைனஸ் 20. மைனஸ் 22 என்றால் மைனஸ் 30. மைனஸ் 40 மட்டும் இரண்டு அளவிலும் ஒன்றே.

வானிலை அறிக்கையில் ‘காற்றோடு சேர்ந்து மைனஸ் 45 போல் இருக்கும்’ என்று வருவதைக் கேமராவின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. அது மனிதத் தோலுக்கான கணக்கு. காற்று எவ்வளவு வீசினாலும் ஒரு பொருளைக் காற்றின் சொந்த வெப்பநிலைக்குக் கீழே இறக்காது. ஆனால் கேமரா தனக்குள் உண்டாக்கும் வெப்பத்தைக் காற்று விரைவாகப் பறித்துக்கொண்டு போகும். வயலைப் பார்த்த சுவரில், மறைப்பே இல்லாத இடத்தில் வைப்பதைவிட, இறவாணத்தின் அடியில் ஒதுக்கமாக வைப்பது அதனால்தான் மேல்.

குளிரைவிடவும் அதிகமான டோம் கேமராக்களைக் கெடுப்பது ஈரம். அந்த ஈரம் பனியிலிருந்து வருவதாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. மைனஸ் 30-ல் இருக்கும் காற்றால் ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் நீராவியைக்கூடத் தாங்க முடியாது. சமையலும் குளியலும் நடக்கும் வீட்டுக்குள், 21 டிகிரியில், அதே அளவு காற்றில் சுமார் 6 கிராம் இருக்கும். சூடான காற்று மேலே ஏறி, வீட்டின் மேல்பகுதியில் எந்த ஓட்டை கிடைத்தாலும் வெளியேறப் பார்க்கிறது. நாம் கேமராவுக்காகத் துளை போடுவது சரியாக அங்கேதான். கேபிளைச் சுற்றி விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டு, அதன் மேல் கேமராவை அழுத்தி முடுக்கிவிட்டால், குளிர்காலம் முழுக்க வீட்டு நீராவி கேமராவின் முதுகு வழியாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்ப்பதுபோல, டோம் உள்ளே வியர்க்கும். பிறகு அந்த வியர்வை உறையும். படம் பால் நிறமாகிவிடும். கேமராவை மாற்றினால் புதியதும் இரண்டு வாரத்தில் அப்படியே ஆகும். அப்போதும் பழியைக் கேமராவின் மேல் போடுகிறோம்.

மருந்து மலிவானது. எலக்ட்ரீஷியன்கள் குழாய் வாய்களை அடைக்கப் பயன்படுத்தும், எப்போதும் இளக்கமாகவே இருக்கும் அடைப்புப் பசையைத் துளைக்குள் கேபிளைச் சுற்றி இறுக அடைக்க வேண்டும். வீட்டுப் பக்கமும் அடைத்தால் இன்னும் நல்லது. டோமை மூடும்போது உள்ளே ஒரு புதிய சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்க வேண்டும். மழையிலோ, மூச்சு ஆவியாகத் தெரியும் குளிரிலோ திறந்து வேலை செய்யக் கூடாது. நல்ல கேமராக்களில் காற்றை மட்டும் விட்டு நீரைத் தடுக்கும் சிறு சவ்வு ஒன்று இருக்கும். அதைப் பெயிண்டாலோ பசையாலோ மூடிவிடக் கூடாது. டோமுக்கும் கூட்டுக்கும் இடையிலான ரப்பர் வளையத்தையும் கவனிக்க வேண்டும். பாலிகார்பனேட் டோம், அலுமினியக் கூட்டைவிடச் சுமார் மூன்று மடங்கு சுருங்கும். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள டோம், 20 டிகிரியிலிருந்து மைனஸ் 40-க்குப் போகும்போது அரை மில்லிமீட்டருக்கு மேல் குறுகுகிறது. அந்த இடைவெளியை வளையம்தான் நிரப்ப வேண்டும். சாதாரண ரப்பர் அந்தக் குளிரில் விறைத்துவிடும். சிலிகோன் வளையம் இளக்கம் மாறாமல் இருக்கும்.

இன்னொரு நீராவி ஊற்று சுவரிலேயே இருக்கிறது. புதிய வகை ஃபர்னஸ்கள் புகைபோக்கி இல்லாமல் பக்கச் சுவரில் ஒரு குழாய் வழியாக ஈரப் புகையை வெளியேற்றும். துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் அப்படி ஒரு வாய் உண்டு. இவற்றுக்கு மேலேயோ அருகிலேயோ மாட்டப்பட்ட எந்தக் கேமராவையும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், உறைபனி மூடிவிடும்.

இப்போது ஒரு அடிப்படைக் கேள்வி: டோம் வடிவமே வேண்டுமா? இரவில் பார்க்க டோம் கேமராக்கள் லென்ஸைச் சுற்றியுள்ள எல்இடிகளிலிருந்து அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. அந்த ஒளி அதே பிளாஸ்டிக் மூடி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மூடியில் மெல்லிய உறைபனி படிந்தாலே ஒளி சிதறி லென்ஸுக்குத் திரும்பி வந்து படத்தை வெள்ளையாக்கிவிடும். பாலிகார்பனேட் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே கதகதப்பு இருந்தாலும் வெளிப்பக்கத்துப் பனி உருகச் சுணங்கும். டரெட் எனப்படும் உருண்டைக் கண் கேமராக்களில் லென்ஸுக்கு முன் சிறிய தட்டைக் கண்ணாடி மட்டும் இருக்கிறது. எல்இடிக்குத் தனி ஜன்னல். கைக்கு எட்டாத உயரத்தில், கடுங்குளிர் ஊரில் வீட்டுக்கு மாட்டுவதென்றால் நான் டரெட்டையே சொல்வேன்.

டோமுக்கு உரிய இடம் கல்லோ கட்டையோ படக்கூடிய இடம்: கடை வாசல், பள்ளி நுழைவு, அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம். அங்கே ஐகே10 தரம் தேவை. 5 கிலோ எடையை 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் உண்டாகும் அடியை, அதாவது 20 ஜூல் ஆற்றலை, தாங்கும் என்பது அதன் பொருள். மூடி பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். அக்ரிலிக் எளிதில் உடையும், குளிரில் இன்னும் எளிது. ஹீட்டர் உள்ள மாடலாக இருந்தால் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அது எதைச் சூடாக்குகிறது? சில மாடல்களில் ஹீட்டர் சர்க்யூட்டை மட்டும் காப்பாற்றும். மூடியின் பனியைத் தொடாது. வேறு சிலவற்றில் சிறு விசிறி சூடான காற்றை மூடிமேல் ஓட்டும். நமக்கு வேண்டியது பின்னது.

ஹீட்டர் என்றால் மின்சாரம். இன்றைய கேமராக்கள் பெரும்பாலும் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரத்தையும் வாங்கிக்கொள்கின்றன, பிஓஇ என்பார்கள். 2003-ல் வந்த முதல் தரத்தில் கேமராவுக்குக் கிடைப்பது 12.95 வாட். 2009-ல் வந்த பிஓஇ பிளஸ்ஸில் 25.5 வாட். சில கேமராக்களின் விவரத்தாளில் சின்ன எழுத்தில் இருக்கும்: பிஓஇ பிளஸ் கொடுத்தால் மைனஸ் 40 வரை, சாதாரண பிஓஇ என்றால் மைனஸ் 20 வரை மட்டும். விலையுயர்ந்த கேமராவை வாங்கி, பழைய ஸ்விட்சில் மாட்டினால் ஹீட்டர் எழாது. அந்த ஸ்விட்சையும் சூடில்லாத கராஜில் வைத்துவிடக் கூடாது. வீட்டு உபயோக ஸ்விட்சுகள் பல 0 டிகிரிக்கு மேல் இயங்கவே செய்யப்பட்டவை. பதிவு செய்யும் பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கும் அப்படியே. கேமராவுக்குள் மெமரி கார்டு போடுவதானால் மைனஸ் 40 தரமுள்ள தொழிற்சாலை வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணக் கார்டுகள் மைனஸ் 25-ஓடு நின்றுவிடும்.

பேட்டரியில் ஓடும் கம்பியில்லாக் கேமராக்களை இந்த ஊர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். லித்தியம் அயான் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால், லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அதனால் நல்ல கருவிகள் அந்தக் குளிரில் சார்ஜை ஏற்கவே மறுக்கும். மூன்று மாதம் உறைநிலைக்கு மேல் ஏறாத ஊரில் சோலார் தகடு மாட்டியும் பயனில்லை. வயர் இழுக்கவே வழியில்லாத இடமென்றால், சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் செல்களில் ஓடும் வகை ஓரளவு தாங்கும்; அவற்றில் மைனஸ் 40 வரை வேலை செய்பவை உண்டு.

வடக்கே குளிர்காலம் என்பது நீண்ட இரவும்கூட. டிசம்பர் கடைசியில் வின்னிபெக்கில் பகல் சுமார் 8 மணி நேரம், யெல்லோநைஃபில் 5 மணி நேரம். ஆகவே இரவுப் படம் எப்படி என்பதே முக்கியம். பனி பொழியும்போது அருகில் விழும் ஒவ்வொரு துகளும் அகச்சிவப்பில் பளிச்சிட்டு, ‘யாரோ நடமாடுகிறார்கள்’ என்ற பொய் எச்சரிக்கைகளைக் குவிக்கும். மனிதரையும் வாகனத்தையும் பிரித்தறியும் மென்பொருள் உள்ள கேமரா இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைக்கும். வாசலில் ஒரு சாதாரண வெள்ளை விளக்கு எரியவிட்டு அகச்சிவப்பை அணைத்துவிட்டால் படம் இன்னும் தெளியும். பகலில் தரைப் பனியின் வெளிச்சம் முகங்களைக் கறுப்பாக்கும். ஒளி வேறுபாட்டைச் சமாளிக்கும் வசதி 120 டெசிபெல் அளவிலாவது இருக்கட்டும்.

ஐபி66, ஐபி67 எண்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முதலாவது வேகமாகப் பாய்ச்சும் நீரையும், இரண்டாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்குவதையும் தாங்கும் என்பது பொருள். குளிரைப் பற்றி இரண்டும் எதுவும் சொல்வதில்லை.

உறைபனி படிந்தால் காரின் கண்ணாடியைச் சுரண்டும் கருவியை டோமின் மேல் வைக்கக் கூடாது. ஒரு கீறல் விழுந்தால் ஆயுளுக்கும் இரவில் ஒளிக்கோடாகத் தெரியும். மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான் பாலிகார்பனேட்டைக் கெடுக்கும். கேபிள் சுத்தமான செம்பாக, வெளியுறை பாலிஎத்திலீனாகவோ மைனஸ் 40 என்று அச்சிட்டதாகவோ இருக்க வேண்டும். சாதாரண பிவிசி உறை குளிரில் வளைத்தால் வெடிக்கும். இதையெல்லாம் செப்டம்பரிலேயே முடித்துவிடுவது நல்லது. உறைகுளிரில் பூசிய சீலண்ட் சரியாக இறுகாது. விறைத்த விரல்களோடு ஏணிமேல் நிற்பவரால் ரப்பர் வளையத்தை அதன் பள்ளத்தில் சரியாக உட்காரவைக்கவும் முடியாது.