நீளும் விழி, மங்கும் பார்வை

வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவருக்கு வெண்பலகையில் உள்ள எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. ஆனால், கையில் உள்ள புத்தகம் தெளிவாகத் தெரிகிறது. இதையே கிட்டப்பார்வை என்கிறோம். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிக் கல்வியை முடிக்கும் மாணவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இக்குறைபாடு இருக்கிறது. “மூக்குக்கண்ணாடி அணிந்தால் சரியாகிவிடும்” என்று பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. அந்த எண்ணம் பாதிதான் சரி.

நலமான கண்ணில், வெளியிலிருந்து வரும் ஒளி கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையின்மீது குவிகிறது. கிட்டப்பார்வை உடையவரின் விழிக்கோளமோ அளவுக்கு மீறி நீண்டுவிடுகிறது. அதனால், தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையை அடையுமுன்பே குவிந்துவிடுகிறது. பெரியவர்களின் விழிக்கோளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. அது 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே பார்வைக் குறைபாடு சுமார் 250 முதல் 300 டிகிரி வரை கூடிவிடும். மூக்குக்கண்ணாடி ஒளியை விழித்திரையில் குவியச் செய்கிறது. எனினும், சாதாரண மூக்குக்கண்ணாடியால் நீண்ட விழியைச் சுருக்கவும் இயலாது. அது மேலும் நீளுவதைத் தடுக்கவும் இயலாது.

பிள்ளைகள் வளரும்போது விழியும் தொடர்ந்து நீளக்கூடும். ஆகவே, கிட்டப்பார்வை எந்த வயதில் தொடங்குகிறது என்பது மிக முக்கியம். ஏழு வயதில் தொடங்கினால், அது கூடிக்கொண்டே செல்லப் பல ஆண்டுகள் உள்ளன. பன்னிரண்டு வயதில் தொடங்கினால், அக்காலம் குறைகிறது. 500 டிகிரியை எட்டினால் அது கடுமையான கிட்டப்பார்வை எனப்படுகிறது. அந்நிலையில் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. விழித்திரை விலகல், கண் அழுத்த நோய் போன்றவை ஏற்படும் அபாயமும் கூடுகிறது. கண்முன் திடீரென ஒளிக்கீற்றுகளோ பல கரும்புள்ளிகளோ தோன்றினால், உடனே மருத்துவரை நாட வேண்டும்.

இது பரம்பரையால் மட்டும் வருவதா? 2008ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் வாழும் ஆறு, ஏழு வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டது. சிட்னியில் நூற்றுக்கு மூவருக்கும் சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. இரு நகரங்களிலும் பெற்றோரிடையே கிட்டப்பார்வை ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்திற்கு அதிகமான புத்தகங்களையும் படித்தனர். ஆனால், அவர்கள் வாரத்தில் சுமார் 14 மணி நேரத்தை வெளிப்புறத்தில் கழித்தனர். சிங்கப்பூர்ப் பிள்ளைகளோ சுமார் 3 மணி நேரமே வெளியில் இருந்தனர்.

பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது என்றும், அது விழி நீளுவதைக் கட்டுப்படுத்துகிறது என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எனவே, பிள்ளைகள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியில் இருப்பது நன்று. தொப்பி அணியலாம், மரநிழலிலும் விளையாடலாம். ஏற்கெனவே கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு, அது கூடும் வேகத்தைக் குறைக்கும் கண்சொட்டு மருந்துகளும் சிறப்பு வில்லைகளும் உள்ளன. அவற்றை மருத்துவரின் ஆலோசனைப்படியே பயன்படுத்த வேண்டும்.

வெளிப்புற விளையாட்டு, கிட்டப்பார்வை இன்னும் தொடங்காத இளம் கண்களுக்கே மிகுந்த பயன் தருகிறது. வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், இன்று மாலை அவர்களையும் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.