நடுக்கடலில் என்ஜின் நின்றால்... கப்பல் பயணம் போகுமுன் ஒரு பார்வை

விழுப்புரம் ஜங்ஷனில் நிற்கும் ரயிலின் என்ஜின் பழுதானால் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ பிளாட்பாரத்தில் காத்திருப்போம். மாற்று என்ஜின் வரும். மெயின் லைனில் கோளாறு என்றால் விருத்தாசலம் வழியாகத் திருப்பி விடுவார்கள். திண்டிவனத்தில் நின்றுவிட்டால் இறங்கி பஸ் பிடித்துவிடலாம். கடலில் இந்த வசதி எதுவும் இல்லை. அங்கே மாற்று என்ஜின் வராது, மாற்றுப் பாதை கிடையாது, இறங்கி நடக்கவும் முடியாது. மரக்காணம், கூனிமேடு பகுதிகளில் கடலுக்குப் போகும் சகோதரர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை. படகு என்ஜின் நின்றுபோன ஓர் இரவை நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்கள்.

ஆனால் ஊருக்குள் இருக்கும் நாம் கப்பலை ஒரு பெரிய ஹோட்டலாகவே கற்பனை செய்கிறோம். சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் புறப்படுகிறது, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது என்ற செய்திகள் வந்த பிறகு, வயதான அத்தா, அம்மாவை அழைத்துக்கொண்டு போகலாமா, இலங்கையில் உள்ள உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்கு இப்படியே போய்விடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் கப்பலில் ஒரு பழுது ஏற்பட்டால் நமது பயணத் திட்டம் என்னவாகும் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலில் கப்பல் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். இன்றைய பெரிய பயணிகள் கப்பல்கள் பலவற்றில் டீசல் என்ஜின்கள் நேரடியாகப் புரொப்பல்லரைச் சுழற்றுவதில்லை. அவை ஜெனரேட்டரை ஓட்டி மின்சாரம் தயாரிக்கின்றன. அந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்தான் புரொப்பல்லரைச் சுழற்றுகிறது. அதே மின்சாரத்தில்தான் விளக்கு, ஏசி, சமையலறை, குளிர்பதன அறை, கடல் நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், ஏன், கழிப்பறையில் கழிவை உறிஞ்சும் அமைப்பு கூட இயங்குகிறது. ஆகவே ஒரு கப்பல் மின்சாரத்தை இழந்தால் பயணம் மட்டும் நிற்பதில்லை. சில ஆயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூரே இருண்டுபோகிறது.

2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் கார்னிவல் டிரையம்ப் கப்பலுக்கு நடந்தது இதுதான். எரிபொருள் குழாய் ஒன்றில் கசிவு. அதிலிருந்து என்ஜின் அறையில் தீ. தீ சீக்கிரமே அணைக்கப்பட்டது, யாரும் சாகவில்லை. ஆனால் மின்சாரம் போய்விட்டது. ஊழியர்களையும் சேர்த்து 4,200க்கும் மேற்பட்டோர் நான்கு நாட்களுக்கு மேல் மிதந்தார்கள். கழிப்பறைகள் வேலை செய்யவில்லை, நடைபாதைகளில் கழிவுநீர் வழிந்தது, அறைக்குள் வெப்பம் தாங்காமல் மக்கள் மேல்தளத்தில் படுக்கை விரித்துப் படுத்தார்கள். கடைசியில் இழுவைக் கப்பல்கள் அமெரிக்காவின் மொபைல் துறைமுகத்துக்கு இழுத்து வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 2012 பிப்ரவரியில், நமது இந்தியப் பெருங்கடலிலேயே கோஸ்டா அலெக்ரா கப்பல் ஜெனரேட்டர் அறைத் தீயால் செயலிழந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுடன் நின்ற அந்தக் கப்பலை சீஷெல்ஸ் தீவுக்கு இழுத்துச் சென்றது ஒரு பிரெஞ்சு மீன்பிடிக் கப்பல்!

இவை அரிதான சம்பவங்கள். பயணிகள் அதிகம் சந்திப்பது இதைவிடச் சிறிய பழுதுகளைத்தான். இரண்டு புரொப்பல்லர்களில் ஒன்று வேலை செய்யாது. நான்கு என்ஜின்களில் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பார்கள். கப்பல் ஓடும், விளக்கு எரியும், சாப்பாடு வரும். வேகம் மட்டும் குறையும். பயணத் திட்டம் உடைவது இந்த இடத்தில்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து திருகோணமலை கடல் வழியாகச் சுமார் 280 கடல் மைல். மணிக்கு 16 கடல் மைல் வேகத்தில் மாலை 6 மணிக்குப் புறப்பட்டால் மறுநாள் பகல் 11.30 மணிக்குச் சேரலாம். வேகம் 12 ஆகக் குறைந்தால் சேரும்போது மாலை 5.20 ஆகிவிடும். அதற்குள் இறங்கிச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்த பஸ்கள் காத்திருந்து போயிருக்கும். துறைமுகத்தில் நமக்கு ஒதுக்கிய இடத்தில் வேறொரு கப்பல் வந்து கட்டியிருக்கும். கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட்டுக்கும் வேறு வேலை இருக்கும். அதையும் மீறி அங்கே நின்றால் அடுத்த துறைமுகமும், சென்னை திரும்பும் நேரமும் தவறும். சென்னையில் அடுத்த பயணத்துக்கு டிக்கெட் எடுத்தவர்கள் பெட்டியோடு காத்திருப்பார்கள். எனவே கேப்டன் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டு நேராகப் போவார். நிர்வாகக் கணக்கில் அது சரியான முடிவு. அந்தத் துறைமுகத்தைப் பார்க்கவே பணம் கட்டியவருக்குத்தான் நஷ்டம்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. கப்பலின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவதற்கு மிக அதிகமான சக்தி தேவைப்படும். அதைத் திருப்பிப் பார்த்தால், என்ஜின் சக்தியில் பாதி போனாலும் ஏறத்தாழ 80 சதவீத வேகம் மிஞ்சும். பாதி என்ஜினோடு கரை சேர முடிவதன் ரகசியம் இது. 2010 ஜூலை 1க்குப் பிறகு கட்டப்பட்ட பெரிய பயணிகள் கப்பல்களுக்கு சர்வதேச விதி இன்னொரு பாதுகாப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது: ஓர் என்ஜின் அறையைத் தீயோ வெள்ளமோ முடக்கினாலும் கப்பல் தன் சொந்த பலத்தில் துறைமுகம் திரும்ப வேண்டும், கழிப்பறை, குடிநீர், உணவு போன்றவை கிடைக்க வேண்டும். டிரையம்ப் இந்த விதிக்கு முற்பட்ட கப்பல். சென்னையிலிருந்து ஓடிய கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலும் 1990இல் கட்டப்பட்டதுதான். பழைய கப்பல் என்றாலே ஆபத்து என்று சொல்ல மாட்டோம். பயணிகள் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழை ஆண்டுதோறும் பரிசோதனை செய்துதான் புதுப்பிக்கிறார்கள். இருந்தாலும் டிக்கெட் எடுக்கும்போது கப்பல் கட்டப்பட்ட ஆண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

இனி பணம். கப்பல் டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் உள்ள நிபந்தனைகளை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? துறைமுகத்தை மாற்றவும், விட்டுவிடவும், நேரத்தை மாற்றவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் அதில் எழுதி வைத்திருக்கும். 2006 ஜனவரியில் குயின் மேரி 2 கப்பல் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலில் கால்வாய்ச் சுவரில் உரசி, ஒரு புரொப்பல்லர் அமைப்பு பழுதானது. வேகம் குறைந்ததால் கரீபியன் துறைமுகங்களை விட்டுவிட்டு ரியோ டி ஜெனிரோவுக்கு ஓடியது. நிறுவனம் முதலில் பாதிக் கட்டணம் தருவதாகச் சொன்னது. ரியோவில் கப்பலை விட்டு இறங்க மாட்டோம் என்று பயணிகள் எச்சரித்த பிறகு முழுக் கட்டணத்தையும் தர ஒப்புக்கொண்டது. சட்டம் கொடுக்காததை ஒற்றுமை வாங்கிக் கொடுத்தது.

டிரையம்ப் சம்பவத்துக்குப் பிறகு 2013இல் சர்வதேச சொகுசுக் கப்பல் நிறுவனங்களின் சங்கம் ஓர் உரிமைப் பட்டியலை வெளியிட்டது. இயந்திரப் பழுதால் பயணம் ரத்தானால் முழுத் தொகை, பாதியில் முடிந்தால் ஒரு பகுதி, நடப்பதை உடனுக்குடன் அறிவிப்பது எல்லாம் அதில் உண்டு. ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டால் என்ன என்பது மட்டும் அதில் இல்லை. அந்தச் சங்கத்தில் சேராத நிறுவனத்தை அது கட்டுப்படுத்தவும் செய்யாது.

நமக்கு நெருக்கமான சட்டம் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நிறுவனத்தின் அலுவலகம் மும்பையில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது இந்தச் சட்டத்தின் பெரிய நன்மை. திண்டிவனத்துக்காரர் மும்பைக்கு ஓட வேண்டாம், விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்து பார்க்கலாம். எதற்கும் ஆதாரம் வேண்டும். டிக்கெட், விளம்பரத்தில் காட்டிய பயண அட்டவணை, மாற்றம் பற்றி வந்த மெசேஜ், கப்பலில் ஒட்டிய அறிவிப்பின் போட்டோ ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று கையெழுத்துக் கேட்டால், படிக்காமல் போடக்கூடாது.

நாகப்பட்டினம் கப்பலின் நிலைமை வேறு. 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி கப்பலோடு தொடங்கிய சேவை, வடகிழக்குப் பருவமழையால் சில நாட்களிலேயே நின்றது. மறு ஆண்டு மே மாதத்தில் தொடங்கும் என்று அறிவித்து, தேதி தள்ளித் தள்ளிப் போய், சிவகங்கை என்ற கப்பலோடு 2024 ஆகஸ்ட் 16 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. சுமார் 60 கடல் மைல், ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். ஒரே கப்பல் போய்வரும் வழித்தடத்தில் அந்தக் கப்பலுக்கு ஒரு பழுது என்றால் சேவையே இல்லை. ஆகவே கப்பலில் யாழ்ப்பாணம் போய், நிக்காஹ் முடிந்த மறுநாளே கப்பலில் திரும்பி, அன்றிரவே சென்னையில் விமானம் ஏறுவது என்பது போன்ற திட்டங்களைத் தவிர்க்கவும். இரண்டு மூன்று நாள் இடைவெளி வேண்டும். இலங்கை விசாவிலும் நாட்கள் மிச்சம் இருக்கட்டும். கொழும்பிலிருந்து விமானத்தில் திரும்பும் அளவுக்குப் பணமும் கையில் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கூடுதலாகக் கைப்பையில் எடுத்துப் போக வேண்டும், பெட்டியில் அல்ல. ஹலால் உணவை உறுதி செய்துதான் கப்பல் ஏறியிருப்போம். ஆனால் மின்சாரம் போய் சமையலறை மூடினால் ரொட்டியும் பழமும்தான் கிடைக்கும். கொஞ்சம் பேரீச்சம்பழம் கையில் இருந்தால் நல்லது.

தொழுகை பற்றிய சந்தேகமும் வரும். கப்பல் எப்போது புறப்படும் என்று தெரியாமல் ஏதோ ஒரு துறைமுகத்தில் கிடக்கிறோம், கஸ்ர் செய்யலாமா? ஹனஃபி மத்ஹபில் 15 நாள் தங்குவதாக நிய்யத் வைக்காதவரை பயணிதான். இன்று புறப்படும், நாளை புறப்படும் என்ற நிலை எவ்வளவு நீண்டாலும் கஸ்ர் செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்குவது உறுதியானால் முழுமையாகத் தொழ வேண்டும். எந்நேரமும் புறப்படலாம் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவர் 18 நாள் வரை கஸ்ர் செய்யலாம். அஜர்பைஜானில் பனி வழியை மறித்தபோது இப்னு உமர் (ரலி) அவர்கள் ஆறு மாதம் கஸ்ராகவே தொழுதார்கள் என்ற செய்தி இந்தப் பாடத்தில் பிரபலமானது. நம் பகுதியில் இரு மத்ஹபினரும் இருப்பதால், புறப்படும் முன் அவரவர் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கப்பலில் நிற்க முடிந்தவர் நின்றே தொழ வேண்டும். கப்பல் திரும்பினால் கிப்லாவின் பக்கம் நாமும் திரும்பிக்கொள்ள வேண்டும்.

கடல்வழி ஹஜ் பற்றியும் ஒரு வார்த்தை. மும்பையிலிருந்து ஜித்தாவுக்கு ஓடிய ஹஜ் கப்பல் 1995இல் நின்றது. அதை மீண்டும் தொடங்க 2018இல் சவூதி அரசு சம்மதித்ததாகச் செய்தி வந்ததிலிருந்து, எப்போது வரும் என்று கேட்பவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் சுமார் 2,300 கடல் மைல். பழைய கப்பல்களுக்கு 12 முதல் 15 நாள் ஆனது, இன்றைய கப்பல் மூன்று நான்கு நாளில் போய்விடும் என்று அப்போது அரசுத் தரப்பில் சொன்னார்கள். சுற்றுலாக் கப்பல் தாமதமானால் ஒரு துறைமுகம் போகும். ஹஜ் கப்பல் தாமதமானால் துல்ஹஜ் 9ஆம் நாள் போய்விடும். அரஃபாவைத் தவறவிட்டவருக்கு அந்த ஆண்டு ஹஜ் இல்லை. உம்ராச் செய்து இஹ்ராமிலிருந்து விடுபட்டு, மறு ஆண்டு திரும்ப வர வேண்டும். இன்ஷா அல்லாஹ் அந்தக் கப்பல் மீண்டும் ஓடும் நாள் வந்தால், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் நாம் கேட்க வேண்டியது இரண்டு: அரஃபாவுக்கு எத்தனை நாள் முன்பாக ஜித்தா சேரும்? வழியில் இது நின்றுவிட்டால் ஹாஜிகளை ஏற்றிக்கொள்ள வேறு கப்பல் எங்கே நிற்கிறது?