தந்தையின் கல்லூரியும் பிள்ளையின் தேர்வும்

திருகோணமலைத் துறைமுக நகரில் கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, புனித சூசையப்பர் கல்லூரி எனும்போது ‘கல்லூரி’ பாடசாலையையே குறிக்கும்; இலங்கை அரசுப் பாடசாலைகளின் முதலாம் தர அனுமதியில் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம் ஒதுக்கப்பட்டிருப்பதால், விளையாட்டு வீரரின் மகன் தந்தையின் கல்லூரியில் சேர்வது, அவனது திறமை வெளிப்படுமுன்பே, பெற்றோரால் முடிவாகிவிடுகிறது. மகளுக்கோ, அது ஆண்கள் பாடசாலையாயின், அவ்வழியே இல்லை.

அமெரிக்காவிலோ, எப்பல்கலைக்கழகத்தில் பயில்வது என்ற முடிவு ஏறத்தாழ 18 வயதில், விளையாட்டுப் புலமைப்பரிசிலை, அதாவது ஆட்டத்திறனுக்காகக் கிடைக்கும் கல்விச் செலவுதவியை, ஒட்டியே எடுக்கப்படுகிறது. சென்னை லயோலா கல்லூரியில் பயின்ற டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்து, 2002இல் தேசியப் பட்டம் வென்ற அதன் அணியில் ஆடினார். விஜயின் சகோதரரான ஆனந்த் அமிர்தராஜின் மகன் ஸ்டீபன் டியூக் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பிள்ளை தானே தெரிவு செய்ய இடமளிக்கும் அம்முறையே மேலானது.