வெறுப்பது செயலையா, மனிதனையா?

எல்லாப் புகழும் அகில உலகங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது.

"அந்த இனத்தார் மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை, அவர்களுடைய கலாச்சாரம்தான் பிடிக்கவில்லை" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம்மைப் பற்றியும் இவ்வாறு சொல்லப்படுகிறது. பிறரைப் பற்றி நாமும் சொல்கிறோம். இது நேர்மையான பேச்சா? அல்லது இன வெறுப்புக்குப் போர்த்தப்பட்ட நாகரிகப் போர்வையா? இரண்டையும் பிரித்தறிவது மார்க்கக் கடமைகளுள் ஒன்றாகும். ஏனெனில், ஒரு தீமையை வெறுப்பது ஈமானின் அடையாளம். ஒரு மனிதனை அவன் பிறப்பை வைத்து வெறுப்பதோ ஜாஹிலிய்யத்தின் அடையாளம்.

ஒரு தலைப்பாகையின் வழக்கு

1978ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், தனியார் பள்ளியொன்றில் சீக்கியச் சிறுவன் ஒருவனைச் சேர்க்க அவனுடைய தந்தை விண்ணப்பித்தார். தலைப்பாகையைக் கழற்றி, முடியை வெட்டிக்கொண்டால் மட்டுமே இடம் என்று தலைமை ஆசிரியர் கூறினார். அப்பள்ளியில் ஏற்கனவே ஐந்து சீக்கிய மாணவர்கள் படித்துவந்தனர். ஆகவே சீக்கியரை வெறுத்து வாசலை அடைத்த பள்ளி என்று அதைச் சொல்லிவிட முடியாது. மத, சமூக வேறுபாடுகள் வெளியே தெரியக்கூடாது, எல்லோருக்கும் ஒரே சீருடை என்பதே அவருடைய வாதம்.

வழக்கு கீழ் நீதிமன்றங்களில் தோற்று, 1983இல் அன்றைய உச்ச நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபைக்குச் சென்றது. நீண்டகாலப் பொது வரலாறும் தனக்கென ஒரு பண்பாட்டு மரபும் உடைய சமூகம், சட்டத்தின் பார்வையில் ஓர் இனக்குழுவே என்று சபை தீர்ப்பளித்தது. சிறுவனின் கை தலைப்பாகையைக் கழற்ற முடியும் என்பது உண்மைதான். ஆனால் தன் சமூகத்தின் மரபைக் கைவிடாமல் அவனால் அதைக் கழற்ற முடியாது. எனவே, எல்லோருக்கும் பொதுவாகத் தோன்றிய அந்த விதியின் பாரம் அவன்மீதே விழுந்தது. அவனுடைய சமூக அடையாளம் வெளியே தெரிகிறது என்பதே மறுப்புக்குக் காரணமானால், அது நியாயமான காரணம் ஆகாது.

இதிலிருந்து நாம் விளங்க வேண்டியது என்ன? கலாச்சாரம் காற்றில் மிதப்பதில்லை. அது மனிதர்களின் உடலிலும் உடையிலும் பெயரிலும் குடியிருக்கிறது. கலாச்சாரத்தை நோக்கி எறியப்படும் கல், பெரும்பாலும் அதைச் சுமந்து நிற்கும் மனிதன் மீதே விழுகிறது. 2001 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு சீக்கியர் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு நாட்களுக்கு முன் நடந்த தாக்குதல்களுக்குப் பழிவாங்குவதாக எண்ணியவன், தாடியையும் தலைப்பாகையையும் கண்டு சுட்டான். வெறுப்பு ஆளை விசாரிப்பதில்லை. தோற்றத்தை மட்டுமே பார்க்கிறது.

சட்டம் விட்ட இடைவெளி

சீக்கியருக்கும் யூதருக்கும் கிடைத்த அப்பாதுகாப்பு பிரிட்டனில் முஸ்லிம்களுக்குக் கிடைக்கவில்லை. முஸ்லிம்கள் பல இனத்தவர், ஆகவே இனச் சட்டத்திற்குள் வரமாட்டார்கள் என்றே கொள்ளப்பட்டது. "உன் இனத்தை அல்ல, உன் மதத்தையே விரும்பவில்லை" என்று கூறி வேலை மறுத்தவரைத் தடுக்கத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. வேலைவாய்ப்பில் 2003இலும், பிற சேவைகளுக்காக 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவும் அது வந்தது. பெயரை மாற்றிக்கொண்டால் வெறுப்பு எவ்வளவு எளிதாகத் தப்பிவிடும் என்பதற்கு இது சான்று.

அப்படியானால், ஒரு வழக்கத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்வோர் அனைவரும் இனவெறியர்களா? நிச்சயமாக இல்லை. அப்படிச் சொல்வது அநீதியாகும். நம் சமூகத்தின் ஒரு பழக்கத்தை ஒருவர் காரணத்தோடு குறை கூறினால், உடனே அவரை வெறுப்பாளர் என்று முத்திரை குத்துவது பதிலாகாது. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறதா என்று பார்ப்பதே நம் கடமை.

நபிவழி காட்டும் பிரிவுக்கோடு

ஒருமுறை நபி (ஸல்) அவர்களுக்கு முன் சுட்ட உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. அவர்கள் உண்ணவில்லை. அது ஹராமா என்று கேட்கப்பட்டபோது, இல்லை, தம் சமூகத்தார் வாழும் நிலத்தில் அது கிடையாது, ஆதலால் தம் மனம் ஒப்பவில்லை என்று விளக்கினார்கள். அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதை எடுத்து உண்டார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தடுக்கவில்லை. இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. பிடிக்கவில்லை என்பதை மறைக்கவும் இல்லை. அதைப் பிறருக்குச் சட்டமாக்கவும் இல்லை. உண்டவரைத் தாழ்வாகக் கருதவும் இல்லை.

அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு விளையாடியபோது உமர் (ரலி) அவர்கள் கல்லெறிந்து விரட்ட முனைந்தார்கள். அவர்களை விட்டுவிடுமாறு நபியவர்கள் கூறினார்கள். ஆனால் பெண் குழந்தைகளை உயிரோடு புதைக்கும் வழக்கத்தை இஸ்லாம் விட்டுவைக்கவில்லை. அது அந்நியரின் வழக்கமன்று. சொந்த மக்களான அரபியரின் வழக்கம். பழக்கமில்லாதது வேறு, தீங்கானது வேறு என்பதை இங்கே கவனியுங்கள்.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை, அரபியல்லாத அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்தியபோதோ, நபியவர்களின் கண்டனம் கடுமையாக இருந்தது. அபூதரிடம் இன்னும் ஜாஹிலிய்யத் இருக்கிறது என்றார்கள். அதன்பின் அபூதர் (ரலி) தாம் உடுத்திய வகை ஆடையையே தம் பணியாளருக்கும் உடுத்தினார்கள்.

உரைத்துப் பார்க்க மூன்று கேள்விகள்

உங்கள் உள்ளத்தில் ஒரு வெறுப்பு எழும்போது இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: நான் வெறுக்கும் செயலை என்னால் பெயர் சொல்லிக் காட்ட முடிகிறதா? முடியாமல் "அவர்களே அப்படித்தான்" என்று வாய் முடிக்குமானால், அது செயலின் மீதான வெறுப்பன்று.

இரண்டாவது: அதே செயலை என்னைச் சேர்ந்தவர் செய்தால் அதே அளவு வெறுக்கிறேனா?

மூன்றாவது: அச்செயலைச் செய்யாத ஒருவர் அச்சமூகத்திலிருந்து என் முன் வந்து நின்றால், என் வெறுப்பு நின்றுவிடுகிறதா? மூன்றினுள் இதுவே கடினமான சோதனை.

நம் வாசலில்

"சைவம் உண்பவருக்கு மட்டும்" என்ற வாடகை விளம்பரங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். இறைச்சி வாசனை ஒருவருக்கு ஒவ்வாமல் இருக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் வீடு கேட்டு வந்தவர் இறைச்சி சமைப்பதில்லை என்று உறுதி கூறிய பிறகும், பெயரைக் கேட்டதும் "வீடு இல்லை" என்றாகிவிட்டால், வாசனை வெறும் சாக்கு என்பது தெளிவாகிவிடுகிறது.

இந்த வலியை அறிந்த நாம், வடமாநிலத் தொழிலாளர் விஷயத்தில் எப்படி நடக்கிறோம்? பான் மென்று தெருவில் துப்புவதை வெறுக்கலாம். ஊர்க்காரர் வெற்றிலை துப்பும்போது வராத கோபம் அவரிடம் மட்டும் வருவது ஏன்? பான் தொடாத இளைஞனையும் "வடக்கன்" என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது ஏன்?

மிம்பர்களில் "மேற்கத்தியக் கலாச்சாரம்" என்ற சொல்லும் அடிக்கடி ஒலிக்கிறது. மது தீமைதான், அதில் ஐயமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது நம் அரசின் நிறுவனமே. தீமையைத் தீமை என்றே சொல்லுங்கள். அதற்கு வேறொரு மக்களின் பெயரைச் சூட்டாதீர்கள்.

சகோதரர்களே! ஒரு சமூகத்தின் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து விலகச் செய்யக்கூடாது என்பது திருமறையின் கட்டளை. மனதில் ஒரு கசப்பு எழுவது நம் கைவசம் இல்லாதிருக்கலாம். அந்தக் கசப்போடு ஒருவருக்கு வேலையையும், வீட்டையும், ஸலாமையும் மறுப்பது நம் கைவசம் உள்ளது. கேள்வி கணக்கு அதைப் பற்றியே.

தீமையை வெறுக்கும் உள்ளத்தையும், மனிதனை மதிக்கும் கண்ணையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.