டிஸ்க் காலி என்றால் கணக்கும் காலியா?



மலைக்கடைகளில் சிட்டையும் பேரேடும் போய்க் கம்ப்யூட்டர் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏற்காடு கடைத்தெருவானாலும் நாகலூர், வெள்ளக்கடை போன்ற ஊர்களானாலும், கடையின் கணக்கு முழுவதும் இன்று ஹார்டு டிஸ்க் என்ற சிறு பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கிறது. சித்திரை, வைகாசியில் மலையில் இடி மின்னலோடு மழை இறங்கினால் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். யு.பி.எஸ். பேட்டரி பழசாக இருந்தால் மெஷின் பொசுக்கென்று அணைந்து போகும். மறுபடி போட்டால் சில சமயம் "ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை" என்று திரையில் எழுத்து வரும். ரிப்பேருக்கு வருகிறவர் பார்த்துவிட்டு, "டிஸ்க் காலியா இருக்குங்க முதலாளி, பார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தந்துடறேன்" என்பார். அந்த நேரத்தில் சரி என்று தலையாட்டாமல் இருப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

போவது எது என்று முதலில் பார்ப்போம். ஜி.எஸ்.டி. எண் உள்ளவர்களுக்குப் போட்ட பில் விவரம் அரசாங்கத்தின் இணையதளத்தில் இருக்கும், அதை எடுத்துக்கொள்ளலாம். சில்லறை விற்பனையோ அங்கே மொத்தத் தொகையாகத்தான் இருக்கும், ஆள் பெயர் இராது. மலையில் காப்பிப் பழம் பறித்துக் காசு கையில் வந்த பிறகுதான் பாக்கி தீர்க்கும் வாடிக்கைக்காரர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய பற்றுவரவு நம் டிஸ்க்கில் மட்டுமே உண்டு. அது போனால் அவர்கள் சொல்வதுதான் கணக்கு. போதாததற்கு, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை நாம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு டிஸ்க்கை சி, டி என்று பாகம் பிரித்திருப்பார்கள். எந்தப் பாகம் எங்கே ஆரம்பித்து எவ்வளவு தூரம் போகிறது என்ற விவரம் டிஸ்க்கின் முதல் துண்டிலேயே எழுதப்பட்டிருக்கும். இதற்குப் பார்ட்டிஷன் டேபிள் என்று பெயர். அந்தத் துண்டின் அளவு 512 பைட். அதில் இந்த அட்டவணைக்கு 64 பைட்தான். நான்கு வரி, வரிக்கு 16 பைட். குடோன் வாசலில் எந்த அறையில் என்ன சரக்கு என்று எழுதித் தொங்கவிட்ட பலகை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பலகை அழிந்தால் மூட்டைகள் எங்கும் போய்விடவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் பலகையை மட்டும் பார்த்துவிட்டுக் குடோனே காலி என்று சொல்லிவிடும்.

இதற்கு நாடறிந்த உதாரணம் 1999 ஏப்ரல் 26ஆம் தேதி நடந்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சி.ஐ.எச். என்ற வைரஸ் அன்று பல நாடுகளில் ஒரே சமயத்தில் வேலையைக் காட்டியது. செர்னோபில் அணு உலை வெடித்த அதே தேதி என்பதால் செர்னோபில் வைரஸ் என்றும் சொன்னார்கள். தென்கொரியா, துருக்கி, வங்கதேசம், நம் நாடு எல்லாம் பலமாக அடிபட்டன. நமக்கோ மார்ச் கணக்கு முடித்து ஐந்தொகை போடுகிற சமயம். அந்த வைரஸ் டிஸ்க்கின் முதல் 1 எம்.பி. இடத்தைச் சுழியால் நிரப்பிவிட்டது. பார்ட்டிஷன் டேபிளும் அதோடு போயிற்று. சில மெஷின்களில் தாய்ப்பலகையில் உள்ள பயாஸையும் கெடுத்தது.

அன்று டிஸ்க்கை உடனே பார்மட் செய்தவர்களே அதிகம் இழந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் விண்டோஸ் 98 காலத்துப் பெரிய டிஸ்க்குகளில் ஃபேட்32 என்ற முறை இருந்தது. எந்தக் கோப்பு எங்கே என்று காட்டும் அட்டவணையை அது இரண்டு பிரதி எழுதி வைக்கும். 4 ஜி.பி. டிஸ்க்கில் ஒரு பிரதியே சுமார் 4 எம்.பி. வரும். வைரஸ் தின்றது 1 எம்.பி.தானே! இரண்டாவது பிரதி முழுசாக இருந்தது. அமெரிக்காவில் ஸ்டீவ் கிப்சன் என்பவர் இதை வைத்து டிஸ்க்கை மீட்கும் புரோகிராம் ஒன்றை எழுதி இலவசமாகவே கொடுத்தார். பழைய ஃபேட்16 டிஸ்க்குகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை; அவற்றில் இரண்டு பிரதியும் சிறியவை, முதல் 1 எம்.பி.க்குள்ளேயே அடங்கிப் போய்விட்டன.

இன்றைய டிஸ்க்குகள் இன்னும் ஜாக்கிரதையானவை. ஜி.பி.டி. முறையில் பிரித்தவற்றில் பார்ட்டிஷன் அட்டவணையின் மறுபிரதி டிஸ்க்கின் கடைக்கோடியில் இருக்கும். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். பாகத்திலும் ஆரம்பத் துண்டின் நகல் அந்தப் பாகத்தின் கடைசியில் உண்டு.

ஆகவே மெஷின் இப்படிச் சொன்னால் உடனே அணைத்துவிட வேண்டும். "பார்மட் செய்யவா", "இனிஷியலைஸ் செய்யவா" என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லவும். விண்டோஸை அதே டிஸ்க்கில் திரும்பப் போடவே கூடாது. புதிதாக எழுதுவது பழைய சரக்கின் மேல்தான் போய் உட்காரும். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி, அதைவிடப் பெரிய டிஸ்க் ஒன்றில் முழு நகல் எடுக்கச் சொல்லவும். ஒரு பைட் விடாமல் எடுக்கும் நகல் அது. டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். பிறகு வைத்தியம் எல்லாம் நகலில்தான். பிரான்ஸ் நாட்டு கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், இதுவும் இலவசம், டிஸ்க் முழுவதும் தேடி விட்டுப்போன பாகங்களைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த பாகத்துக்குள் உள்ள கோப்புகளைத் திரையில் காட்டும். நம் டாலி டேட்டா போல்டர், 10000 என்பது மாதிரி எண் பெயரில் இருப்பது, கண்ணில் பட்டால் அதை முழுசாக வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்தபின்தான் அட்டவணையைத் திருத்தி எழுதச் சொல்ல வேண்டும். போல்டரில் ஒரு கோப்பு விட்டாலும் கணக்கு திறப்பது சந்தேகம்.

சில இடங்களில் இந்த வைத்தியம் செல்லாது. டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் உள்ளே இயந்திரமே பழுது. மேலும் மேலும் ஓடவிட்டால் கெடுதல்தான் அதிகமாகும். தூசியில்லாத அறை வைத்துப் பழுது பார்க்கும் இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், செலவும் பெரிது. எஸ்.எஸ்.டி. வகையை ஒருமுறை பார்மட் செய்துவிட்டால், பழைய ஹார்டு டிஸ்க்கில் பாதியாவது கிடைப்பது போலக் கிடைக்காது. காலியான இடத்தை அது தானே துடைத்துவிடும். புது லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு இருக்கலாம். அதன் 48 இலக்கச் சாவி எண் இல்லாமல் டிஸ்க் கிடைத்தும் பிரயோஜனமில்லை. அந்த எண்ணை இன்றே காகிதத்தில் எழுதிக் கல்லாப்பெட்டியில் வையுங்கள்.

சேலத்துக்கு டிஸ்க்கை அனுப்புகிறவர்கள் அதன் மேல் உள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, எழுத்தில் ரசீது வாங்கவும். மீட்ட கோப்புகளின் பட்டியலைப் பார்த்து, ஒரு பில்லையாவது திறந்து காட்டச் சொல்லி, அதன் பிறகு பணம் கொடுங்கள்.