எஃகுக் கட்டமைப்பு இணைப்புகள்

எஃகுக் கட்டமைப்பு இணைப்பு என்பது, கட்டடத்திலோ பாலத்திலோ உள்ள உத்தரம், தூண், இழுதண்டு போன்ற எஃகு உறுப்புகளை ஒன்றோடொன்று பிணைத்து, ஓர் உறுப்பிலுள்ள விசையை அடுத்த உறுப்புக்குக் கடத்தும் பகுதியாகும். இன்று பெரும்பாலான இணைப்புகள், பேச்சு வழக்கில் போல்ட் எனப்படும் மரையாணிகளைக் கொண்டோ பற்றவைப்பு மூலமாகவோ செய்யப்படுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவ்விடத்தை ரிவெட்டுகள் வகித்தன. 1943 இல் திறக்கப்பட்ட கொல்கத்தாவின் ஹவுரா பாலம் ரிவெட்டுகளால் பிணைக்கப்பட்டதே.

கணினியில் கட்டமைப்பைப் பகுப்பாய்வு செய்யும் மென்பொருள்கள் உறுப்புகளைக் கோடுகளாகவும், அவை சந்திக்கும் இடத்தைப் புள்ளியாகவும் காட்டுகின்றன. மெய்யான கட்டடத்தில் அப்புள்ளி என்பது தட்டுகள், துளைகள், ஆணிகள், உருகி உறைந்த உலோகம் ஆகியவற்றின் தொகுப்பாகும். உறுப்புகள் யாவும் போதிய வலிமை கொண்டிருந்தும் இப்புள்ளியில் தவறு நேர்ந்ததால் வீழ்ந்த கட்டமைப்புகள் உண்டு.

விசை செல்லும் வழி

இணைப்பை வடிவமைப்பதில் முதற்படி, விசை எவ்வழியே செல்கிறது என்பதைத் தொடக்கம் முதல் இறுதி வரை பின்தொடர்வதாகும். உத்தரத்தின் முனையில் உள்ள விசை முதலில் உத்தரத்தின் நடுத்தகட்டிலிருந்து ஆணிகளுக்கும், ஆணிகளிலிருந்து இணைப்புக் கோணத்துக்கும், அங்கிருந்து மீண்டும் ஆணிகள் வழியாகத் தூணுக்கும் செல்கிறது. இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே சரிபார்க்கப்பட வேண்டும். ஒரு கண்ணி விடுபட்டாலும் மற்றவற்றின் வலிமையால் பயனில்லை.

வெட்டுவிசையை மட்டும் கடத்தி, உத்தரத்தின் முனை சற்றுத் திரும்ப இடமளிப்பது எளிய இணைப்பு ஆகும். வளைதிருப்புத்திறனையும் சேர்த்துக் கடத்துவது விறைப்பு இணைப்பு எனப்படும். இரண்டுக்கும் இடைப்பட்டவையும் உள்ளன. பகுப்பாய்வில் எவ்வகை என்று கொள்ளப்பட்டதோ அவ்வகையாகவே இணைப்பு அமைய வேண்டும்.

மரையாணி இணைப்பு

ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரு தட்டுகளை ஆணியால் இணைத்து இழுத்தால் அவ்விணைப்பு பல வகைகளில் தோல்வியுறலாம். ஆணி குறுக்கே வெட்டுப்படலாம். ஆணி அழுத்துவதால் தட்டின் துளை நீண்டு நசுங்கலாம், அல்லது துளைக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள பகுதி கிழிந்து வரலாம். துளைகளால் மெலிந்த குறுக்குவெட்டில் தட்டே அறுந்துபோகலாம். இவற்றுள் மிகக் குறைந்த விசையில் நிகழ்வது எதுவோ அதுவே இணைப்பின் வலிமையாகும்.

ஆணியின் தலையில் பொறிக்கப்பட்ட எண் அதன் தரத்தைக் குறிக்கும். 4.6 என்பதில் முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அறுதி இழுவலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன் எனக் கிடைக்கும். அதில் 0.6 பங்கு, அதாவது 240, ஆணி நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு ஆகும். 20 மி.மீ விட்டமுள்ள ஆணியின் முழுப்பரப்பு 314 சதுர மி.மீ. மரை வெட்டப்பட்ட பகுதியில் இது 245 ஆகக் குறைகிறது. வெட்டுத்தளம் எங்கு அமையும் என்பது பணியிடத்தில் உறுதியாகத் தெரியாதபோது 245 ஐக் கொள்வதே நல்லது.

வழக்கமான ஆணிகள் துளையின் சுவரில் அழுந்தியே விசையைக் கடத்துகின்றன. உராய்வுப் பிடிப்பு ஆணிகள் வேறு விதமானவை. உயர்வலிமை ஆணியைப் பெரும் இழுவிசை ஏறும்வரை முறுக்கினால் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன; விசை உராய்வு மூலம் கடத்தப்படுகிறது. பாலங்களிலும் அதிர்வுள்ள இடங்களிலும் இவை விரும்பப்படுகின்றன. இங்கு தட்டுகளின் தொடுபரப்பே முக்கியமானது. இந்தியச் சீர்தரத்தின்படி, எவ்விதப் பதனமும் செய்யாத பரப்புக்கு உராய்வுக் குணகம் 0.20, மணல்போன்ற துகள்களை வீசித் துருவகற்றிய பரப்புக்கு 0.50. ஆணியில் எம்மாற்றமும் இல்லாமலே வலிமை இரண்டரை மடங்காகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

100 மி.மீ அகலமும் 10 மி.மீ தடிப்பும் உள்ள இரு தட்டைகளை இணைத்து 200 கிலோநியூட்டன் இழுவிசையைக் கடத்த வேண்டும் எனக் கொள்வோம். இவ்விசையில் பாதுகாப்புக் காரணி ஏற்கனவே சேர்க்கப்பட்டுள்ளது. எஃகின் அறுதி வலிமை சதுர மி.மீக்கு 410 நியூட்டன். ஆணிகள் 20 மி.மீ, தரம் 4.6, துளை 22 மி.மீ. கணக்கு ஐ.எஸ். 800 சீர்தரத்தின் 2007 ஆம் ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றுகிறது.

ஓர் ஆணியின் வெட்டு வலிமை: 400 ÷ √3 × 245 ÷ 1.25 = 45.3 கிலோநியூட்டன். ஆணிகளுக்கிடையே 60 மி.மீ, விளிம்பிலிருந்து 40 மி.மீ என வைத்தால் துளைச்சுவரின் தாங்குவலிமை ஏறத்தாழ 99 கிலோநியூட்டன். சிறியதே கொள்ளப்படும். 200 ஐ 45.3 ஆல் வகுக்க 4.4 வருவதால் ஐந்து ஆணிகள் தேவை.

பலர் இத்துடன் கணக்கை நிறுத்திவிடுகின்றனர். இணைப்பின் நீளத்தைக் குறைக்க ஆணிகளை இரண்டிரண்டாக அருகருகே வைத்தால் என்னவாகும்? அப்போது ஒரே குறுக்குவெட்டில் இரு துளைகள் விழுவதால் மீதி அகலம் 56 மி.மீ மட்டுமே. அதன் வலிமை 0.9 × 56 × 10 × 410 ÷ 1.25 = 165 கிலோநியூட்டன். ஆணிகள் தாங்கும், ஆனால் தட்டை அறுந்துவிடும். ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்தால் மீதி அகலம் 78 மி.மீ ஆகி வலிமை 230 கிலோநியூட்டனாக உயர்கிறது. இதற்குத் தட்டைகள் 320 மி.மீ நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். தரம் 8.8 ஆணிகளைப் பயன்படுத்தினால் மூன்றே போதும். படிநீளமும் 200 மி.மீ ஆகக் குறையும்.

பற்றவைப்பு இணைப்பு

பற்றவைப்பில் இரு வகைகள் முதன்மையானவை. தட்டுகளின் விளிம்புகளைச் சரித்து வெட்டி, இடைவெளியை உருகிய உலோகத்தால் நிரப்புவது முட்டுப் பற்றவைப்பு. இரு பரப்புகள் சந்திக்கும் மூலையில் முக்கோண வடிவில் உலோகத்தை இடுவது மூலைப் பற்றவைப்பு. இரண்டாவது மலிவானது; விளிம்பைத் தயார் செய்யும் வேலை இல்லை. முக்கோணத்தின் மிகக் குறுகிய தடிப்பு தொண்டை எனப்படும். இது பக்க அளவின் 0.7 மடங்கு. வலிமை தொண்டையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது.

மேற்கண்ட தட்டைகளையே 6 மி.மீ மூலைப் பற்றவைப்பால் இணைப்போம். தொண்டை 4.2 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் நீளத்தின் வலிமை 4.2 × 410 ÷ √3 ÷ 1.25, அதாவது ஏறத்தாழ 795 நியூட்டன். 200 கிலோநியூட்டனுக்கு 252 மி.மீ, பக்கத்துக்கு 126 மி.மீ வேண்டும். தொடங்கும் முனையும் முடியும் முனையும் முழுமையாக அமையாதென்பதால் பக்க அளவின் இருமடங்கான 12 மி.மீ சேர்க்கப்படும். ஆகப் பக்கத்துக்கு 140 மி.மீ போதும். துளைகளால் தட்டை மெலிவதும் இல்லை.

ஆனால் இது பட்டறையில் செய்யும் பற்றவைப்புக்கே பொருந்தும். அதே வேலையைக் கட்டுமான இடத்தில் செய்தால் 1.25 என்ற காரணி 1.5 ஆகிறது, நீளம் பக்கத்துக்கு ஏறத்தாழ 165 மி.மீ ஆகக் கூடுகிறது. காற்றும் மழையும், தலைக்கு மேலே கையுயர்த்தி வேலை செய்ய வேண்டிய நிலையும் பற்றவைப்பின் தரத்தைக் குறைக்கும் என்ற பட்டறிவே இவ்வெண்ணில் அடங்கியுள்ளது.

உறையும் உலோகம் சுருங்குவதால் தட்டுகள் கோணலாவதுண்டு. ஈரமேறிய மின்முனைக் குச்சிகளிலிருந்து ஐதரசன் உட்புகுந்தால், வேலை முடிந்து பல மணி நேரம் கழித்தும் வெடிப்பு தோன்றலாம். எனவே பார்த்தவுடன் ஒப்புதல் அளிப்பது சரியன்று. உள்ளே மறைந்துள்ள குறைகளைக் காண மீயொலிச் சோதனையோ கதிர்ப்படச் சோதனையோ தேவை.

பட்டறையில் பற்றவைத்து, களத்தில் மரையாணியால் பூட்டுவதே பொதுவான நடைமுறை. ஒரே விசையைத் தாங்க வழக்கமான ஆணிகளையும் பற்றவைப்பையும் சேர்த்து இட்டு, இரண்டின் வலிமையையும் கூட்டிக்கொள்வது பிழையாகும். துளையில் ஆணியைச் சுற்றி இடைவெளி உள்ளதால், தட்டு சற்று நகர்ந்த பின்னரே ஆணி விசையை ஏற்கும். அதற்குள் நகராத பற்றவைப்பு முழுவிசையையும் தாங்க நேரிடும்.

கேன்சஸ் சிட்டி, 1981

அமெரிக்காவின் மிசூரி மாநிலம், கேன்சஸ் சிட்டியில் இருந்த ஹயாட் ரீஜன்சி விடுதியின் நடுக்கூடத்தில் இரண்டாம் தளத்துக்கும் நான்காம் தளத்துக்குமான நடைபாலங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கூரையிலிருந்து தண்டுகளால் தொங்கவிடப்பட்டிருந்தன. 1981 சூலை 17 அன்று அவை இடிந்து விழுந்ததில் 114 பேர் இறந்தனர்.

முதல் வடிவமைப்பில், ஒரே தண்டு மேற்பாலத்தின் உத்தரத்தை ஊடுருவிக் கீழ்ப்பாலம் வரை சென்றது. இதற்கு நீண்ட தண்டில் வெகுதூரம் மரை வெட்ட வேண்டியிருந்ததால், அது இரு தண்டுகளாக மாற்றப்பட்டது: ஒன்று கூரையிலிருந்து மேற்பாலத்துக்கு, மற்றொன்று மேற்பாலத்தின் உத்தரத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு. வரைபடத்தில் இது சிறு மாற்றமே. ஆனால் மேற்பாலத்தின் உத்தரத்துக்குக் கீழிருந்த நட்டு முன்பு அப்பாலத்தின் எடையை மட்டும் தாங்கியது. இப்போது இரு பாலங்களின் எடையும் அதன்மேல் ஏறியது. அவ்வுத்தரம், இரு பள்ளவடிவ உறுப்புகளை எதிரெதிரே வைத்துப் பற்றவைத்த பெட்டி. தண்டின் துளை அப்பற்றவைப்பின் ஊடாகவே சென்றது. நட்டு பெட்டியைப் பிளந்துகொண்டு மேலேறியது. முதல் வடிவமைப்பு கூட நகரக் கட்டட விதிகள் கோரிய வலிமையில் ஏறத்தாழ 60 விழுக்காடே கொண்டிருந்தது என விசாரணையில் தெரியவந்தது. அந்த ஒரு கண்ணிக்கு யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை.

நார்த்ரிட்ஜ், 1994

1994 சனவரி 17 இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின்பின், நூற்றுக்கும் மேற்பட்ட எஃகுச் சட்டகக் கட்டடங்களில் உத்தரமும் தூணும் சேரும் பற்றவைப்புகள் வெடித்திருப்பது கண்டறியப்பட்டது. கட்டடங்கள் வெளிப்பார்வைக்கு நன்றாகவே நின்றன. சுவர்ப்பூச்சையும் தீத்தடுப்புப் பூச்சையும் அகற்றிய பின்னரே வெடிப்புகள் தெரிந்தன. நொறுங்கும் இயல்புடைய பற்றவைப்பு உலோகமும், பற்றவைப்பின் அடியில் விடப்பட்ட தாங்குபட்டையால் ஏற்பட்ட வெடிப்பு போன்ற இடைவெளியும் முக்கிய காரணங்களாகும்.

இதன்பின் எளிதில் நொறுங்காத பற்றவைப்பு உலோகத்தைத் தரும் மின்முனைகள் கட்டாயமாக்கப்பட்டன. மற்றொரு தீர்வு முதற்பார்வைக்கு வியப்பளிக்கக் கூடியது: தூணிலிருந்து சற்றுத் தள்ளி, உத்தரத்தின் மேல், கீழ் விளிம்புத் தகடுகளை இருபுறமும் வளைவாக வெட்டி, உத்தரம் வேண்டுமென்றே மெலிவாக்கப்படுகிறது. நிலநடுக்கத்தின்போது உத்தரம் அம்மெலிந்த இடத்தில் வளைந்து ஆற்றலை உட்கொள்ள, பற்றவைப்பின்மீது வரும் விசை குறைகிறது.