சமநிலைப் பலகையை வீட்டிலேயே செய்வோம்



தோட்டத்தில் உழைப்பவருக்குக் கால்தான் முதல் கருவி. இரவு மழையில் ஊறிய மேட்டில் பால்வாளியைச் சுமந்து இறங்க வேண்டும். செம்பனைக் காட்டில் கால்வாயின் குறுக்கே கிடக்கும் கட்டையின் மேல் நடந்து போக வேண்டும். கால் பிசகினால் அன்றைய கூலி போகிறது. ஒரு வாரம் வீட்டில் கிடந்தால் கடைக்கணக்கும் ஏறிவிடுகிறது.

ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடியும் மறுபடியும் சுளுக்குவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். வீக்கம் வடிந்து வலியும் போன பிறகு ஏன் அப்படி ஆகிறது? இதை அறிய, நாம் விழாமல் நிற்பது எப்படி என்று முதலில் பார்ப்போம்.

நம் உடலுக்குச் சமநிலைச் செய்தி மூன்று இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று கண். இரண்டாவது, காதின் உட்புறத்தில் நீர் நிறைந்திருக்கும் அரைவட்டக் குழாய்கள். மூன்றாவது, பாதத்திலும் மூட்டிலும் தசையிலும் உள்ள நரம்பு முனைகள். சுவரோரம் ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். உடல் உடனே ஆடும். கண்ணின் துணை போனதும் மற்ற இரண்டுக்கும் வேலை கூடிவிடுகிறது.

கணுக்கால் சுளுக்கும்போது எலும்புகளைப் பிணைக்கும் நார்களோடு அங்குள்ள நரம்பு முனைகளும் சேதமடைகின்றன. கால் சாய்கிறது என்ற செய்தி தாமதித்துப் போகிறது. தசை இறுகித் தாங்குவதற்குள் பாதம் மடிந்துவிடுகிறது. 1965-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரீமன் என்ற எலும்பு மருத்துவரும் அவருடைய துணைவர்களும் இக்கருத்தை எழுதினார்கள். ஆடும் பலகைமேல் நின்று பழகினால் இக்குறை குறையும் என்றும் கூறினார்கள். அந்தப் பலகையைத்தான் இன்று நாம் செய்யப் போகிறோம்.

தேவையான பொருள்கள்: 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளைவுட் பலகை, 40 சென்டிமீட்டர் சதுரமாக ஒன்று, 2 அங்குலச் சதுரச் சட்டத்தில் 36 சென்டிமீட்டர் நீளத் துண்டுகள் இரண்டு, ஒன்றரை அங்குலத் திருகாணிகள் ஆறு, மரப்பசை, ரப்பர்ப் பசை, உப்புத்தாள், பழைய சைக்கிள் டியூப். வெடிப்போ கரையான் அரிப்போ உள்ள மரம் வேண்டாம்.

முதலில், ஒரு பெரிய அட்டையில் 36 சென்டிமீட்டர் கோடு கிழியுங்கள். அதன் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே 38.5 சென்டிமீட்டர் தொலைவில் ஓர் ஆணி வையுங்கள். ஆணியில் நூலைக் கட்டி, 42.5 சென்டிமீட்டரில் பென்சிலைப் பிடித்துச் சுழற்றினால், கோட்டின் இரு முனைகளையும் தொட்டுக்கொண்டு ஒரு வளைவு கிடைக்கும். நடுவில் அதன் ஆழம் 4 சென்டிமீட்டர். இதை வெட்டியெடுத்து இரண்டு சட்டங்களின் மேலும் வைத்து வரையுங்கள். அதிகப்படி மரத்தை வாளால் சாய்வாக அறுத்து, மிச்சத்தை அரத்தால் தேய்த்து வளைவாக்குங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை கோணலாக ஆடும்.

அடுத்து, வளைவுக் கட்டைகளைப் பலகையின் அடியில், எதிரெதிர் ஓரங்களிலிருந்து 5 சென்டிமீட்டர் உள்ளே, ஒன்றுக்கொன்று இணையாக வையுங்கள். தட்டையான பக்கம் பலகையோடு ஒட்ட வேண்டும். மரப்பசை தடவி, பலகையின் மேலிருந்து ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று திருகாணிகள் இறுக்குங்கள்: நடுவில் ஒன்று, இருபுறமும் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. முனைகளில் கட்டை மெலிந்திருப்பதால் அங்கே திருகாணி வேண்டாம். திருகாணியின் தலை மரத்துக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, சிமெந்துத் தரையில் வழுக்காதிருக்க வளைவுகளின் அடியில் டியூப் துண்டுகளை ஒட்டிவிடுங்கள். ஒருநாள் முழுதும் காயட்டும்.

பயிற்சிக்கு ஏற்ற இடம் கதவு நிலை. இரு கைகளாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, பாதங்களை அகட்டிப் பலகைமேல் நில்லுங்கள். முதல் வாரம் இடமும் வலமுமாக மெல்லப் பத்து முறை சாய்ந்தால் போதும். அடுத்த வாரம், ஓரங்கள் தரையைத் தொடாமல் முப்பது விநாடி நிற்கப் பாருங்கள். பிறகு பலகையைத் திருப்பி வைத்து முன்னும் பின்னுமாகப் பழகுங்கள். இவை எளிதான பிறகுதான் கையை விடுவதும் ஒற்றைக்காலில் நிற்பதும். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் நாள் தவறக் கூடாது.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் சமநிலைப் பயிற்சி தேவை. முதுமையில் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். 108 ஆய்வுகளைத் திரட்டி 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பின்படி, உடற்பயிற்சி செய்த 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் கீழே விழுவது நூற்றுக்கு 23 பங்கு குறைந்தது. ஆனால், பாட்டியை எடுத்த எடுப்பில் பலகைமேல் ஏற்றாதீர்கள். முதலில் மேசையைப் பிடித்தபடி, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றப் பாதத்தின் விரலுக்கு முன்னே வைத்துத் தரையில் நின்று பழகட்டும். பிறகு பலகையில் ஏறினாலும் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

தலைசுற்றல் உள்ளவர்களும், நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்களும், அண்மையில் எலும்பு முறிந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் ஏறக் கூடாது. புதிதாகச் சுளுக்கிய கால், வீக்கம் வடிந்து ஊன்றி நடக்கும் நிலைக்கு வரவேண்டும். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, பெரியவர்கள் பார்த்திருக்கும்போது மட்டுமே ஏறலாம். பயிற்சி முடிந்ததும் பலகையைச் சுவரில் சாத்திவிடுங்கள். நடைபாதையில் கிடந்தால் அதுவே நம்மைத் தடுக்கிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து செய்துவிடக்கூடிய வேலை இது. வளைவை வரையும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். பள்ளியில் படித்த வட்டமும் ஆரமும் வீட்டுக்குப் பயன்படுவதை அவர்கள் கண்ணாலேயே காணட்டும். திங்கட்கிழமை முதல் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். நம்மைச் சுமக்கும் கால்களுக்கு அதுவாவது செய்ய வேண்டாமா?